அம்மா திரும்ப வேண்டிய தேதி கடைக்காரர் மெயிலில்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் எழுத எத்தனையோ இருக்கிறது. மாரியம்மன் நோம்பி நன்றாக நடந்தது, ஒறம்பரை எல்லோரும் வந்திருந்தார்கள், மழையும் பெய்திருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பிரவுசிங் சென்டரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கிற பெற்றோர் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்து வரத்தான் போயிருந்தேன். விசாவை இங்கிருந்தே போட்டு வாங்கியாயிற்று. சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை, கிளம்புவதற்கு முந்தின நாள் ஊரிலேயே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. வீட்டுக்குள் நுழைந்து பையை இறக்குவதற்குள் அம்மா பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அதெல்லாம் போட்டாச்சு கண்ணு. டவுன் பஸ் ஏறிப் போயி நானே போட்டுட்டு வந்துட்டேன்." முகத்தில் அத்தனை பெருமை. கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, நாலு மூலையும் வளைவாக வெட்டி, பார்க்க அடையாள அட்டை மாதிரியே இருந்தது.

எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். 1,500 ரூபாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ ஒரு பைசா இல்லாமல் போடலாம். அதையும், போய் இறங்கும் நாளைச் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் போட முடியும். எங்கள் பயணத்துக்கு அப்போது இன்னும் நாள் இருந்தது. அப்படியானால் பீரோவில் பத்திரமாக இருந்த இந்தத் தாள் என்ன?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழ்வரியைப் படித்தேன். ஏதோ ஒரு தனியார் தளத்தின் ரசீது. நேரம் வரும்போது உங்கள் சார்பில் நாங்கள் சமர்ப்பிப்போம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பெயர் கட்டத்தில் அப்பாவின் இனிஷியலைப் புள்ளி வைத்துச் சேர்த்திருந்தார்கள். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலே இல்லை. நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய தலைவலி என்று வெளியே போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்றது. பிறகுதான், இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும், நம் வசதிக்கு ஒரு புள்ளிகூடக் கூட்டக்கூடாது.

பெயரைக்கூட விடுங்கள். மெயில் முகவரி என்ற இடத்தில் இருந்தது அம்மாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அந்தக் கடையுடையது.

மறுநாள் காலையில் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடையை ஒட்டிய சின்னக் கடை. சிட்டா, வருமானச் சான்று, இ.பி. பில், பாஸ்போர்ட் எல்லாம் அங்கேதான். கடைக்காரர் மரியாதையான ஆள், குறை சொல்ல முடியாது. "வாங்ணா, உட்காருங்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தாளைக் காட்டி மெயிலைப் பற்றிக் கேட்டேன்.

"அம்மாவுக்கு மெயில் ஐடி இல்லீன்னாங்க. அதுனால நம்ம கடை மெயிலையே குடுத்துட்டனுங். எல்லாத்துக்கும் அப்படித்தானுங் போடறது."

எல்லாருக்குமா என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி இன்பாக்ஸைத் திறந்து காட்டினார். சிங்கப்பூர் இமிகிரேஷனிலிருந்து வந்த மெயில்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பல மெயில்கள் திறக்கப்படாமலே தடித்த எழுத்தில் நின்றன. அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது.

ஏன் என்று சொல்கிறேன். முன்பெல்லாம் சிங்கப்பூரில் இறங்கினால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது அந்த முத்திரையிலேயே இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் காட்டித் தெரிந்துகொள்வார்கள். இப்போது முத்திரை கிடையாது. உள்ளே விட்டவுடன், வருகை அட்டையில் கொடுத்த மெயிலுக்கு மின்-அனுமதிச் சீட்டு ஒன்று வரும். எத்தனை நாள், கடைசி நாள் எது என்பது அதில்தான் இருக்கும். விசா எத்தனை வருடத்துக்குச் செல்லுபடியாகும் என்பது வேறு, ஒரு தடவை உள்ளே போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கடைசி நாளைத் தாண்டித் தங்கினால் அங்கே அது குற்றம், தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இத்தனை பேருடைய கடைசி நாளும் உரக்கடைக்குப் பக்கத்தில், யாரும் திறந்து பார்க்காத ஒரு மெயிலில் கிடக்கிறது.

கடைக்காரருக்கு இது தெரியவே இல்லை. விளம்பர மெயில் என்று நினைத்திருக்கிறார். நான் சொன்னதும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது. மேலே இருந்த ஒரு மெயிலை அவரே திறந்தார். "இவங்க மூலனூர்ப் பக்கமுங், பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்காங்க." தேதியைப் பார்த்தோம். அடுத்த வாரம். நோட்டில் மருமகன் எண் இருந்தது. உடனே கூப்பிடச் சொன்னேன். மருமகன் மகளிடம் கொடுக்க, நான் வாங்கிப் பேசினேன். அந்தப் பெண், "விசா ரெண்டு வருசத்துக்கு இருக்குதுங்கண்ணா, அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் டிக்கெட்" என்றாள். கைக்குழந்தை அழுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. மெயிலை அனுப்பிவைத்தோம். கடைசி நாளுக்கு முன்னால் இணையத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கிடைக்காவிட்டால் டிக்கெட்டை முன்னால் மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ஒரு மெயிலைத் திறக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

அப்புறம் கடைக்காரரும் நானும் உட்கார்ந்து, கடைசி நாள் இன்னும் முடியாதவர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினோம். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். அவர் பணத்துக்காக ஏமாற்றுகிறவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இலவசப் படிவத்துக்கு 1,500 ரூபாய் வாங்கும் தளத்தில் போய்ப் போடுவது தவறு, அதை அவரிடமே சொன்னேன். தெரியாத ஜனங்களின் பணம் அது. நூல் மில்லுக்குப் போய்ச் சம்பாதித்த காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கே சிங்கப்பூரில் எங்களுக்கு எல்லை தாண்டுவது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. 2024 மார்ச்சிலிருந்து, மலேசியாவுக்குப் போகும் வழியிலுள்ள உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் கார் ஜன்னலிலேயே கியூஆர் கோடைக் காட்டிவிட்டுப் போகிறோம். சாங்கி விமான நிலையத்தில் அதே ஆண்டிலிருந்து, இங்கே குடியிருப்பவர்கள் பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுக்காமலே முகத்தையும் கண்ணையும் காட்டி நுழைகிறோம். முன்பு 25 விநாடி ஆனது இப்போது 10 விநாடி என்கிறது ஆணையம். அந்த வேகத்தை நான் அனுபவிக்கிறவன், பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் வரிசையில் நின்று செய்த வேலை எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. கவுண்டரிலிருந்து கிளம்பி வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. மேசையும் மெயிலும் இல்லாத வீட்டில் அது பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போகிறது. மலேசியா 2024 ஜனவரியில் டிஜிட்டல் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியது, தாய்லாந்து 2025 மே மாதத்தில். நம் நாடும் வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபரிலிருந்து காகித அட்டைக்குப் பதில் மின் அட்டை என்றுவிட்டது. எல்லாமே இலவசம், எல்லாமே பயணத்துக்கு முந்தின மூன்று நாளுக்குள். வெளிநாட்டு இமிகிரேஷன் ஹாலில் கூட்டம் குறைந்திருக்கிறது என்று நாம் மெச்சுகிறோமே, அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேரை நான் அந்த உரக்கடை ஓரத்தில் பார்த்தேன்.

பழைய காகித அட்டையை நினைத்து ஏங்குவேன் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து நேர் விமானம் வசதிப்படாத காலத்தில் கொச்சி நெடும்பாசேரிக்குத்தான் போவோம். பாலக்காடு தாண்டி வரும் குதிரான் மேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் விமானமே போய்விடும், அதனால் நடுராத்திரியே கிளம்ப வேண்டும். சுரங்கம் திறந்த பிறகு அந்தப் பயம் போனது. விமானத்தில் இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்த வெள்ளை அட்டையைக் கொடுப்பார்கள். பேனா வைத்திருப்பவனுக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. ஒருவருக்கு எழுத ஆரம்பித்தால் வரிசையில் உள்ள எல்லோரும் பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். "சாமி, எனக்கும் ரெண்டு எழுத்துப் போட்டுக் குடு" என்று அன்னூர் அம்மா ஒருவர் பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தது இன்னும் நினைவில் இருக்கிறது. நம் நாட்டை விட்டுக் கிளம்பும்போது இந்தியர்கள் எழுதிக் கொடுத்த புறப்பாட்டு அட்டையும் 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து நின்றது. எழுதும் தொல்லை போனதில் சந்தோஷம்தான். ஆனால் காகித அட்டையில் தப்பு இருந்தால் கவுண்டரில் இருப்பவர் அங்கேயே அடித்துத் திருத்துவார். எழுதிக் கொடுத்தவனும் பின்னாலேயே நிற்பான்.

கிளம்பிய அன்று பீளமேடு விமான நிலையத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இமிகிரேஷன் அதிகாரி அம்மாவிடம் "எங்கம்மா போறீங்க, பேரனைப் பார்க்கவா" என்று கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். சாங்கியிலும் தாமதம் இல்லை. நான் என் வழியில் போகாமல் அம்மாவோடு பார்வையாளர் பக்கமே போனேன். அம்மாவின் அட்டையை நானே புதிதாக, என் மெயிலில், முந்தின ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டிருந்தேன். வெளியே வந்து சூட்கேஸை எடுப்பதற்குள் கடைசி நாள் என் போனுக்கு வந்துவிட்டது. அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன், அம்மா தினமும் பார்த்துக்கொள்கிறார்.

கடையில் அன்றைக்கு இன்னொரு தம்பதியும் இருந்தார்கள், வெள்ளகோவில் பக்கம். கோலாலம்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார்கள். ஆளுக்கு 2,000 ரூபாய் கட்டியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டால் "மலேசியா விசாவுக்குங்க" என்றார் அந்தப் பெரியவர். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா கேட்பதில்லை, 30 நாள் வரை அப்படியே போகலாம். அந்த டிஜிட்டல் அட்டை ஒன்றுதான் வேண்டும். மகனைப் போனில் பிடித்தேன். "விசா பீஸுன்னு சொன்னாங்க, நானும் இங்கிருந்து அனுப்பிட்டேன்" என்றான். அவனும் இத்தனை வருடமாக அந்த ஊரில் இருப்பவன்தான். கடைக்காரர் பிரிண்ட் செலவை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் பயணத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் அன்றைக்கே போட முடியவில்லை. மூன்று நாள் கணக்கை மகனுக்கு விளக்கிச் சொன்னேன். கிளம்புகிற வாரம் வியாழக்கிழமை ராத்திரி அவனே தன் மெயிலில் போட்டு, ரசீதை எனக்கும் அனுப்பியிருந்தான்.