மே 5-ஐ நம்பி ஏமாந்தேன்: விரிதாளோடு நாலு வருடம்

தேவகோட்டையில் பலகாரக் கடை வைத்திருக்கும் மச்சான் போன வாரம் போனில் கேட்டார்: "மாப்ள, ஆர்டர் ஷீட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் தேதியை வச்சு இணைச்சா பாதி காலியா வருது. நீ நாலு வருஷமா கம்ப்யூட்டர்ல இந்த விரிதாளைத்தானே (ஸ்ப்ரெட்ஷீட்) ஓட்டுற, நல்லாத்தான் இருக்கா?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேலை, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறைக் கணக்கு. பட்டறைப் பையன் எந்தத் தேதியில் என்ன பூ, எத்தனை கல் வார்த்தார்கள், ஊறப்போடும் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதா எடுத்தாச்சா என்று போனில் பதிவான். அது சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, எனக்கு வரும். காரைக்குடிக் கடையில் ஆர்டர் ஷீட் தனி. வார்த்த தேதியைப் பிடித்து இரண்டையும் வி-லுக்கப் (ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுக்கும் வாய்பாடு) போட்டு இணைப்பேன். முன்னெல்லாம் நோட்டைப் புரட்டி அரை நாள் பார்த்த வேலை, ஒரு நொடியில் முடியும். அந்தச் சுகத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

2025 மே மாதம் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புது லேப்டாப் வாங்கினேன். எந்த நாட்டு வழக்கில் தேதியைப் படிப்பது என்று சொல்லும் அதன் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. நாம் நாளை முதலில் எழுதுவோம், அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய அன்றே சோதித்துப் பார்த்தேனே! அன்றைய வார்ப்பு 05/05/2025. கச்சிதமாகப் பொருந்தியது. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் எந்த நாட்டு வழக்கில் படித்தாலும் சரியாகத்தானே வரும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆர்டர் ஷீட்டில் என்/ஏ பிழையாகக் கொட்டியது, தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். பார்க்க அசிங்கமாக இருந்ததால் பிழையை மறைக்கும் இஃப்எரர் வாய்பாட்டைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். கட்டங்கள் காலியாயின. பையன் பதிவு ஏற்றவில்லை என்று நினைத்து அவனைத்தான் திட்டினேன். "ஏத்திட்டேண்ணே, பாருங்கண்ணே" என்று அவன் நாலு தரம் சொன்னான். அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டது தனிக்கதை.

ஜூன் 3-ம் தேதி வார்ப்புக்கு ஷீட்டில் "எடுத்தாச்சு, 400 கல்" என்று வந்தது. மறுநாளே வீடு கட்டுகிற மதுரைக்காரருக்குப் போன் போட்டு, லாரி அனுப்பச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி சிரித்தார்: "எந்தக் கல்லுண்ணே? நேத்துத்தானே கண்ணாடியில வார்த்தோம். இன்னும் தொட்டிக்கே போகலை." விரிதாள் கொண்டுவந்து காட்டியது மார்ச் 6-ம் தேதிக் கல். 06/03 என்பதை அது ஜூன் 3 என்று படித்திருக்கிறது. அந்தக் கல்லெல்லாம் எப்போதோ ஒரு வீட்டுத் தரையாகிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். விரிதாளுக்குத் தேதி என்பது ஓர் எண். 2025 ஜூன் 3 என்றால் 45811, மார்ச் 6 என்றால் 45722. கோப்பை இரட்டை க்ளிக் செய்து திறந்த கணமே 06/03 எண்ணாகிவிடும், நம்மை ஒரு வார்த்தை கேட்காது. 13/06 போன்றவற்றுக்குப் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அவை எழுத்தாகவே இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்தில் 221 நாள் எழுத்தாக நின்று பிழை காட்டும். 12 நாள், என் மே 5 மாதிரி, தானாகச் சரியாக இருக்கும். மீதி 132 நாள் சத்தமில்லாமல் வேறொரு நாளாக மாறிப்போகும். பிழை காட்டுகிற 221-ஐ நான் திட்டவே மாட்டேன். அந்த 132-தான் குடியைக் கெடுப்பது.

செல் ஃபார்மட்டை மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சட்டையை மாற்றும், ஆளை மாற்றாது. எண்ணா என்று சோதித்தாலும் பயனில்லை. தப்பான அந்த 132 நாளும் எண்தான். எனக்குப் பிடிபட்டது வேறு வழியில். தேதிப் பத்திக்குப் பக்கத்தில், தேதியிலிருந்து நாளை மட்டும் எடுத்துக் காட்டும் டே ஃபங்ஷன் போட்டேன். எண்ணாக மாறிய வரிகளில் 12-ஐத் தாண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் வேலை பார்க்கும் பட்டறையா எங்களுடையது?

இப்போது கோப்பை நேரடியாகத் திறப்பதில்லை. டேட்டா இம்போர்ட் வழியாகப் போய், அந்தப் பத்தி நாள்-மாதம்-வருடம் என்று நானே சொல்லிவிடுகிறேன். வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றியாயிற்று. பையனையும் 2025-06-03 என்றே பதியச் சொல்லியிருக்கிறேன், ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்கிற வரிசை. அமெரிக்க அமைப்பிலும் இது புரளவில்லை. மூலக் கோப்பின் மேல் மட்டும் சேமித்துவிடாதீர்கள், அப்புறம் எது புரண்டது எது புரளாதது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

பேங்க் ஸ்டேட்மெண்டில் வேறொரு தொல்லை. தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கும். மதியம் 2.24 என்றால் எண்ணுக்குப் பின்னால் 0.6 தொங்கும், கண்ணுக்குத் தேதி ஒன்றுபோல் தெரியும், வி-லுக்கப் பொருத்தாது. முழு எண்ணை மட்டும் வைக்கும் இன்ட் ஃபங்ஷன் போட்டு வாலை நறுக்கிவிட்டால் தீர்ந்தது.

மேஸ்திரி இன்னும் தன் நோட்டில் "விசுவாவசு, வைகாசி 20" என்றுதான் எழுதுகிறார். அன்றைக்கு என் ஷீட் மார்ச் 6-ஐ ஜூன் 3 ஆக்கியபோது அந்த நோட்டுதான் லாரியை நிறுத்தியது. வைகாசி 20-ஐ யாரும் இருபதாம் மாதம் வைகாசி என்று படிக்க முடியாது. பர்மா, மலேயா வரை லேவாதேவிக் கணக்கு எழுதிய ஊர் இது. நான் என்னவோ மே 5-ஐ வைத்துச் சோதித்தேன்.

விரிதாளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அடுத்த வருடச் சந்தாவையும் நேற்றுக் கட்டிவிட்டேன்.

மச்சான், "ஒரு நாளுக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது" என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது ஆகஸ்ட் 8. பதின்மூன்றுக்கு மேலே ஒன்றும், கீழே ஒன்றுமாக வேறு இரண்டு தேதி அனுப்புங்கள்.