வெப்மெயில் திறக்கவில்லையா? பாஸ்வேர்டில் கை வைக்கும் முன்...

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. சொந்த டொமைனில் மெயில், அதற்கு ஒரு ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை சர்வர்), உள்ளே அதை நிர்வகிக்கும் சிபேனல். அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மெயில் மென்பொருள்கள் எல்லாம் ஒன்றிரண்டு மேசைகளில் மட்டும்தான். மற்றவர்கள் பிரவுசரில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயிலைத் திறந்துதான் மெயில் பார்க்கிறார்கள். "மெயில் ஓப்பன் ஆகலை" என்றால் என்னைக் கூப்பிடுவது பல வருடப் பழக்கம்.

ரவுண்ட்கியூப் எனக்குப் பிடித்த மென்பொருள். பழைய கணினியிலும் ஓடும், விளம்பரம் கிடையாது. குறை என்றால் ஒன்றுதான், அதுவும் ரவுண்ட்கியூப் தனியாகச் செய்கிற குறை இல்லை: தகராறு வரும்போது திரையில் தெரிகிற செய்திக்கும் உண்மையான காரணத்துக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது.

அதில் முதலிடம் 'தி லாகின் இஸ் இன்வேலிட்' என்ற சிவப்பு வரிக்கு. பார்த்தவுடன் எல்லோரும் பாஸ்வேர்டு தப்பு என்றே நினைப்பார்கள். ஆனால் சிபேனலில் சிபிஹல்க் என்று ஒரு காவலாளி உண்டு. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தவறான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்தால் அந்த முகவரியையே தடுத்துவிடும். தடுத்திருக்கிறேன் என்று சொல்லவும் செய்யாது. திருடனுக்குத் தெரியக் கூடாதே, அதனால் அதே 'இன்வேலிட்' செய்தியைத்தான் காட்டும். அப்புறம் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது.

ஆபீஸில் எல்லாக் கணினிகளும் ஒரே ரவுட்டர் வழியாகப் போவதால் வெளியே ஒரே ஐ.பி.தான் தெரியும். ஒருவருடைய தப்புக்கு மொத்த ஆபீஸும் வெளியே நிற்கும். எங்களிடம் இப்படித்தான் நடந்தது: கொள்முதல் பிரிவின் பாஸ்வேர்டை மாற்றினோம், மறுநாள் காலை ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. காரணம், டிஸ்பாட்ச்சில் பார்சலைப் படம் எடுக்க வைத்திருந்த பழைய டேப்லெட். அதன் மெயில் ஆப்பில் பழைய பாஸ்வேர்டு அப்படியே கிடந்தது. அது ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மெயில் ஆப்கள் சர்வரோடு பேசும் ஐமேப் வழியாக வரும் தோல்வியையும் சிபிஹல்க் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதால், வெப்மெயிலைத் தொடாத கருவிகூட வெப்மெயிலை முடக்கிவிடும்.

அன்றிலிருந்து முதல் சோதனை ஒன்றுதான். வைஃபையை அணைத்துவிட்டு, போன் டேட்டாவில் அதே வெப்மெயில் முகவரி, அதே பாஸ்வேர்டு. திறந்துவிட்டதா? அப்படியென்றால் பாஸ்வேர்டு சரி, தடை உங்கள் ஐ.பி. மீது. இந்த நேரத்தில் போய் பாஸ்வேர்டை மாற்றினால், அதுவரை ஒழுங்காக இருந்த மற்ற போன்களும் பழைய பாஸ்வேர்டோடு தட்ட ஆரம்பிக்கும். தடை நீண்டுகொண்டே போகும்.

இன்னொரு வகைத் தடையும் உண்டு. அது சர்வரின் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு) போடுவது. அப்போது லாகின் பக்கமே வராது, சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'டைம்டு அவுட்' என்று நின்றுவிடும். எளிய அடையாளம்: உங்கள் கம்பெனி இணையதளமும் அதே சர்வரில் இருந்தால் அதுவும் சேர்ந்து திறக்காது, யூடியூப் மட்டும் ஜோராக ஓடும். "சைட்டே போயிருச்சு சார்" என்று பதறுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சைட் நன்றாகவே இருக்கும்.

சிலருக்கு மட்டும் தினமும் லாகின் பிரச்சினை வந்தால் அவர்களுடைய புக்மார்க்கைப் பாருங்கள். சிபேனலில் உள்ளே நுழைந்த பிறகு முகவரிப் பட்டையில் 'சிபிசெஸ்' என்று தொடங்கி ஒரு எண் வரும். அந்த ஒரு தடவைக்கான டோக்கன் அது. அதோடு சேர்த்து புக்மார்க் செய்துவைத்தால் மறுநாள் அது செல்லாது. லாகின் பக்கத்தின் வெறும் முகவரியைச் சேமித்துக் கொடுத்தால் போதும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று வெளியே தள்ளினால் பதற வேண்டாம். ரவுண்ட்கியூபின் இயல்பு அமைப்பில் செஷன், அதாவது ஒரு தடவை உள்ளே நுழைந்த நிலை, அதன் ஆயுள் 10 நிமிடம். டேப் திறந்திருக்கும்வரை அது பின்னால் சர்வரைத் தொட்டுத் தொட்டு நீட்டித்துக்கொள்ளும். லேப்டாப் தூங்கிவிட்டால் அந்தத் தொடுதல் நின்றுபோகும். அதே பிரவுசரில் மறுபடி உள்ளே வந்து புது மெயில் எழுதும் பக்கத்தைத் திறந்தால், அனுப்பாமல் விட்டதை மீட்கட்டுமா என்று பெரும்பாலும் அதுவே கேட்கும். எனக்கு இந்த மென்பொருளிடம் மரியாதை வந்ததே இந்த ஒரு வசதியால்தான்.

உள்ளே போனபின் 'கனெக்‌ஷன் டு ஸ்டோரேஜ் சர்வர் ஃபெயில்டு' என்று வந்தால் உங்கள் இணைப்பில் குறை இல்லை. வெப்மெயில் வெறும் ஜன்னல்தான், மெயில் இருப்பது பின்னாலுள்ள ஐமேப் சர்வரில். ஜன்னலுக்கும் கிடங்குக்கும் நடுவில் வழி அடைத்திருக்கிறது. பிரவுசர் கேஷை அழிப்பதெல்லாம் வீண் வேலை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, பிறகு ஹோஸ்டிங் ஆட்களிடம் சொல்ல வேண்டியதுதான். அதற்கு முன் இடம் தீர்ந்துவிட்டதா என்று மட்டும் சிபேனலில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கின் டிஸ்க் நிரம்பிவிட்டாலும் விதவிதமான குழப்பம் வரும், குப்பைக் கோப்புறையைக் காலி செய்தாலே பாதி வழி திறக்கும்.

'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற சான்றிதழ் எச்சரிக்கை ஒரே ஒரு கணினியில் மட்டும் வந்தால் கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். சிமாஸ் பேட்டரி (உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் சின்ன பேட்டரி) தீர்ந்த பழைய கணினி, கரண்ட் போய் வந்தால் பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் சர்வரின் சான்றிதழ் பிறக்கவே இல்லை. எல்லாக் கணினியிலும் வந்தால் சான்றிதழே காலாவதியாகியிருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ்கள் 90 நாளுக்குத்தான், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்கோ நின்றிருக்கும்.

வெளியூர் ஹோட்டல் வைஃபையில் மட்டும் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் 2096 என்ற போர்ட், அதாவது சிபேனல் வெப்மெயில் பயன்படுத்தும் வாசல் எண். சில இடங்களில் வழக்கமான 443 தவிர மற்றதையெல்லாம் மூடிவைத்திருப்பார்கள். டொமைனுக்கு முன்னால் 'வெப்மெயில்' என்று புள்ளி வைத்து எழுதும் முகவரி 443 வழியாகப் போகும். எங்கள் சேல்ஸ் ஆட்களுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

பதிப்பு எண்ணையும் அவ்வப்போது பார்ப்பது நல்லது, 'அபவுட்' பொத்தானில் இருக்கும். 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள்: ஏதாவது ஒரு பயனரின் பாஸ்வேர்டு கிடைத்தாலே சர்வரில் தன் நிரலை ஓடவிடும் அளவுக்கு மோசமான ஓட்டை. 1.6 வரிசையில் 1.6.11, 1.5 வரிசையில் 1.5.10, இவற்றுக்கு முந்தையது என்றால் ஹோஸ்டிங்கைக் கேள்வி கேளுங்கள்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "மெயில் வரவில்லை, அவசரம்" என்று டிக்கெட் போட்டால் "கேஷை அழித்துப் பாருங்கள்" என்றே பதில் வரும். உங்கள் பொது ஐ.பி. எண், தடங்கல் வந்த நேரம், எந்த மெயில் முகவரி, திரையில் வந்த செய்தியின் படம், போன் டேட்டாவில் திறந்ததா இல்லையா, இவ்வளவையும் முதல் செய்தியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐ.பி. எண் இருந்தால் சர்வர் பதிவேட்டில் உடனே தேடித் தடையை எடுத்துவிடுவார்கள். எந்த மெயில் முகவரி பழைய பாஸ்வேர்டோடு தட்டியது என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கருவியைத் தேடிப் பிடிக்காவிட்டால் மதியத்துக்குள் மறுபடி பூட்டிக்கொள்ளும்.