மாரிக்கு முன் மாட்டுக் கொட்டில்: கோப்பாயில் ஒரு வேலைக் குழுவின் பணி பற்றி

எங்கள் வளவில் மூன்று பசுக்களும் ஒரு நாம்பன் கன்றும் நிற்கின்றன. வளவு யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள கோப்பாயின் கிழக்குப் பக்கம், வயல்வெளியை அண்டிய தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. உரும்பிராய், கோண்டாவில் செம்மண் தோட்டங்களில் மழை விட்டு ஒரு பொழுதுக்குள் தரை காய்ந்துவிடும். எங்கள் மண்ணோ களிப்பாங்கானது. ஐப்பசி நடுவில் நனைந்தால் தை பிறக்கும்வரை அது காய்வதில்லை. தொட்டியடியிலும் படலையடியிலும் வைக்கோற் போரைச் சுற்றியும் மாடுகள் மிதித்து மிதித்து முழங்கால் புதையும் சகதியாக்கிவிடும். 2024 செப்டெம்பரில் நான்கு பேர் கொண்ட ஒரு வேலைக் குழுவை அழைத்து, தரையைத் திருத்திப் புதுக் கொட்டில் ஒன்றும் போடுவித்தோம். ஒரு முழு மாரியை அந்தக் கொட்டில் கண்டுவிட்டது. குறைகளையும் எழுதப் போவதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படியான வேலைக்கு ஆள் தேடுவோர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

இந்தச் செலவுக்கு எங்களைத் தள்ளியது 2022 டிசெம்பர் மாதம். மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. எங்கள் கன்றும் இரண்டு நாள் எழும்பாமற் கிடந்து, சாக்கு மூடித் தணல் வைத்த பிறகே நிமிர்ந்தது. காய்ந்த மயிருக்கிடையில் தங்கும் காற்றுத்தான் மாட்டின் உடற்சூட்டைக் காக்கிறது. மயிர் நனைந்து, அதன்மேல் சேறும் அப்பிவிட்டால் அந்தக் காப்புப் போய்விடும். காற்றும் சேர்ந்தால், நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் குளிரே மெலிந்த மாட்டுக்குப் போதும். கூரை மட்டும் இருந்தாற் போதாது என்பதை அப்போது கண்டோம். எங்கள் பழைய கிடுகுக் கொட்டிலுக்குக் கூரை இருந்தது, வாடைக்காற்று வரும் பக்கம் திறந்து கிடந்தது.

குழுவின் மேசன் முதல்நாள் வந்தபோது, எத்தனை அடிக் கொட்டில், எந்தத் தகடு என்று பேச நான் ஆயத்தமாக நின்றேன். அவர் கேட்டது வேறு: “ஐயா, மழை பெய்யேக்க தண்ணி எங்க இருந்து வருது, எங்க போகுது எண்டு முதல்ல காட்டுங்கோ.” காட்டப் போனபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டின் பின்கூரைத் தண்ணீர் முழுவதும், அதை ஏந்தி வடிக்கும் பீலி இல்லாமல் மாடு கட்டும் இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாக அந்தச் சகதிக்கு மழையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்! வீட்டுக்குப் பீலி போட்டு, அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கிணற்றடி வாழைக்குத் திருப்பினார்கள். வளவின் மேற்பக்கத்திலிருந்து வரும் வெள்ளத்தை மறித்து வேலியோரம் ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள். இந்த இரண்டு வேலைகளுக்கும் ஆன செலவு முழுக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. கொட்டிலே போடாமல் இவற்றை மட்டும் செய்திருந்தாலும் பாதிச் சேறு குறைந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

தரை வேலையில்தான் இவர்களுடைய கைத்திறன் தெரிந்தது. சேற்றின் மேல் கல்லைக் கொட்டினால் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் இருமுறை லான்ட்மாஸ்ரரில் (இருசக்கர உழவு இயந்திரப் பெட்டியில்) கல் இறக்கியவன்தான். இரண்டு மாரியில் அந்தக் கல் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. சாணமும் வைக்கோற் கூளமும் ஊறிய மேல்மண் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதன்மேல் எதைப் போட்டாலும் அமிழ்ந்துவிடும். ஆகவே இவர்கள் முதலில் அந்த மண்ணை ஓரடி அளவுக்கு வழித்தெடுத்துத் தென்னைகளின் அடியில் போட்டார்கள். கடினமான தரை தெரிந்ததும், வீதி வேலைக்குப் பாவிக்கும் தடித்த துணி விரிப்பை அதன்மேல் விரித்தார்கள். அந்த விரிப்புத் தண்ணீரைக் கீழே விடும், ஆனால் கல்லையும் களியையும் ஒன்றோடொன்று கலக்க விடாது. விரிப்பின்மேல் முதலில் பெருங்கல்லும் பிறகு மக்கியும் (மண் கலந்த பொடிக்கல்) பரவி, நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். நம்மூர்ச் சுண்ணக்கல் மக்கி நனைந்து இறுகினால் ஏறக்குறையச் சீமெந்துபோலப் பிடித்துவிடும். தொலைவிலிருந்து விலைகொடுத்து ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை. 15 அடி அகலத்துக்கு ஏறத்தாழ மூன்றரை அங்குலச் சரிவு, அதாவது 50 அடிக்கு ஓரடி, வைத்தார்கள். தண்ணீர் வடிய இது போதும். மாடு வழுக்கும் அளவுக்குச் செங்குத்தும் அல்ல.

மழை மிகுந்த நாடுகளில் குதிரை வளர்ப்போரும் வாயிலடியையும் தண்ணீர்த் தொட்டியடியையும் இதே முறையில்தான் கட்டுகிறார்கள். குதிரையின் பாரமும் கூரிய குளம்பும் ஈரப் புல்தரையை ஒரே வாரத்தில் உழுதுவிடும். சேற்றில் ஊறும் கணுக்கால் தோல் வெடித்துப் புண்ணாகும், குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறும். நமது மாட்டின் குளம்பிடுக்குப் புண்ணும் இதற்கு உறவுதான். (குடாநாட்டுக்கு அப்பால் கடலிலுள்ள நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கு இந்தக் கவலை இல்லை, கல்லும் பாறையுமான அந்தத் தரையில் அவை படும் துன்பம் கோடைத் தண்ணீர்ப் பஞ்சம். பழைய குதிரை லாயத்தின் கல்தூண்கள் அங்கே இன்னமும் நிற்கின்றன. குதிரைகள் மட்டும் வெளியிலேதான் நிற்கின்றன.)

கொட்டில் 20 அடிக்கு 15 அடி. கூரைக்கு நாகத்தகடு, வளைகளுக்குப் பனஞ்சிலாகை. வடக்கிலும் கிழக்கிலும் நான்கடி உயரத்துக்குக் கல் கட்டி, அதன்மேல் பனையோலைத் தட்டியால் மறைத்து, கூரைக்குக் கீழே ஒன்றரை அடியைக் காற்றோட்டத்துக்காகத் திறந்து விட்டார்கள். இந்த இடைவெளியை அடைத்துவிடச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன், அவர்கள் மறுத்தார்கள். மூடிய கொட்டிலில் மூத்திர வாடை தேங்கி மாட்டுக்கு இருமல் வரும் என்று மேசன் சொன்னது சரியாகவே இருந்தது.

ஆனால் தாழ்வாரத்தில் தவறிவிட்டார்கள். மூன்றடி வெளியே நீட்டும்படி நான் கேட்டதற்கு, காற்றுத் தூக்கிவிடும் என்று சொல்லி ஒன்றரை அடியோடு நிறுத்தினார்கள். நவம்பர் கடைசியில் பெங்கல் புயலையொட்டிக் குடாநாட்டைப் புரட்டிய மழையில் சாரல் தெற்குப் பக்கமாகத் திரும்பி நான்கடி உள்ளே அடித்தது. இரவோடிரவாகத் தறப்பாள் கட்டினோம். அதே மழையில் கொட்டிலின் பீலி இரண்டு இடத்தில் கழன்று தொங்கியது. இது சின்னக் காரியமல்ல: 20 அடிக்கு 15 அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 2,800 லீற்றர் தண்ணீர் இறங்கும். அவ்வளவும் பீலியை விட்டுத் தரையில் விழுந்தால், கவனமாக இறுக்கிய மக்கியின் ஓரம் அறுத்துக்கொண்டு போகும், போயும் விட்டது. பீலியைத் தாங்கும் கொழுக்கிகளை நான்கடிக்கு ஒன்றாக அடித்திருந்தார்கள். இரண்டடிக்கு ஒன்று வேண்டும். தொலைபேசியில் சொன்ன மூன்றாம் நாள் வந்து கூலி வாங்காமல் திருத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

றப்பர் விரிப்புப் பற்றி ஒரு வார்த்தை. குழு சொன்னதைக் கேட்டு இரண்டு வாங்கிப் போட்டேன். அது வீண் செலவு. ஈரமானதும் வழுக்குகிறது, அடியில் மூத்திரம் தேங்கி நாறுகிறது, தூக்கிக் கழுவ இரண்டு பேர் வேண்டும். இப்போது அவற்றை எடுத்துவிட்டு மரத்தூளும் வைக்கோலும் போடுகிறேன். காலையில் நனைந்த பகுதியை மட்டும் அள்ளி எருக்கும்பியில் கொட்டினால் முடிந்தது.

பேசிய தொகை 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. முடிவில் 4 இலட்சத்து 65 ஆயிரம் ஆயிற்று. கூடிய தொகையில் பெரும்பகுதி கல் ஏற்றியிறக்கிய செலவு. அதை முதலிலேயே எழுதித் தந்திருக்கலாம். பத்து நாள் என்று சொன்ன வேலை இருபத்திரண்டு நாள் இழுத்தது. இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் மழை முந்தியிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்தக் குழுவையே பிறருக்குச் சொல்வேன். முன்பெல்லாம் கார்த்திகை இரவுகளில் மாடுகள் படுக்காமல் நின்றபடியே விடிய வைக்கும். காலையில் பால் குறையும். இந்த மாரியில் மழை கொட்டும்போதும் மூன்றும் படுத்து அசைபோட்டதைப் பார்த்தேன். சேற்று முலைக்காம்பைக் கழுவித் துடைக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. முந்திய மாரியில் இரண்டு பசுவுக்கு மடிவீக்கம் வந்தது, இந்த முறை வரவில்லை. ஒரு வருடத்தை வைத்து அதைக் கொட்டிலின் கணக்கில் எழுத மாட்டேன்.

தண்ணீர்த் தொட்டியடி மட்டும் இன்னும் சகதிதான். காசு போதாமல் அந்தப் பத்தடியை விட்டுவிட்டோம். வரும் ஆவணியில் வந்து அந்த இடத்துக்கு விரிப்பும் மக்கியும் போட்டு, தாழ்வாரத்தைத் தெற்கே இன்னும் ஒன்றரை அடி நீட்டித் தருவதாக மேசன் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த முறை கல் ஏற்றும் கூலியையும் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறேன்.