மூன்று வகை பிராஸ்டட் கிளாஸ்: வருடக்கணக்கில் புழங்கிப் பார்த்ததில்

பிராஸ்டட் கிளாஸ், அதாவது மறுபக்கம் தெளிவாகத் தெரியாத மங்கல் கண்ணாடி, என்று கடையில் கேட்டால் மூன்று விதமான சரக்கைக் காட்டுவார்கள்: மணல் அடித்தது, ஆசிட்டில் அரித்தது, ஸ்டிக்கர் ஒட்டியது. கடையில் சாய்த்து வைத்திருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் வீட்டில் மூன்றுமே வருடக்கணக்காகப் புழக்கத்தில் இருக்கின்றன. எப்படிச் செய்தார்களோ, அதைப் பொறுத்துத்தான் ஒவ்வொன்றின் குணமும்.

பாத்ரூம் ஜன்னலில் இருப்பது சேண்ட் பிளாஸ்டிங் செய்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் சூ டில்க்மன் 1870-ல் காப்புரிமை வாங்கிய முறை. கம்ப்ரஸர் காற்றோடு துகளை வேகமாகப் பீய்ச்சினால் கண்ணாடியின் மேல்பரப்பு பொடிப்பொடியாகப் பெயரும். அந்தக் குழிகளில் பட்டு வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால்தான் மங்கல். பெயரில்தான் மணல், விவரமான பட்டறைகளில் இப்போது அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்களைத்தான் போடுகிறார்கள். மணல் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது.

இந்தக் கண்ணாடியில் ஒரு பக்கம்தான் சொரசொரப்பு. மாட்டிய ஆசாரி அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துவிட்டார். குளிக்கும்போது தண்ணீர் தெறித்த இடமெல்லாம் சாதாரணக் கண்ணாடியாகிவிட்டது. வெளியே தென்னை மரம் பளிச்சென்று தெரிந்தது. நமக்கு மரம் தெரிந்தால், மரத்தடியில் நிற்பவருக்கு நாம் தெரிய மாட்டோமா? ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. குழிகளைத் தண்ணீர் நிரப்பியதும் வித்தியாசம் குறைந்து, ஒளி அவ்வளவாகச் சிதறாமல் உள்ளே போய்விடுகிறது. காய்ந்ததும் பழையபடி மங்கல். கண்ணாடியைத் திருப்பி மாட்டியதும் பிரச்சினை தீர்ந்தது. மேலே சன்ஷேட் இருப்பதால் சாரல் அதிகம் படுவதில்லை.

எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று சந்தேகம் வந்தால் செல்லோ டேப் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். சொரசொரப்பான பக்கமென்றால் ஒட்டிய இடம் மட்டும் தெளிவாகும். கை எண்ணெயும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் அடிக்கடி தொடும் கதவுக்கு இந்த வகையை நான் சொல்லவே மாட்டேன். கைப்பிடியைச் சுற்றிக் கறை ஏறினால், குழிக்குள் போன அழுக்கைத் துணி எட்டாது. பழைய டூத் பிரஷ்ஷை எடுக்க வேண்டியிருக்கும்.

குளியல் பகுதிக் கதவு ஆசிட் வகை, 8 மில்லிமீட்டர் டஃபன்டு (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது). கண்ணாடியின் முக்கியப் பொருளான சிலிக்காவைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்தான் இதன் அடிப்படை. ஆனால் வெறும் அமிலம் மட்டும் என்றால் கண்ணாடி வழவழவென்று கரையுமே தவிர மங்காது. அமோனியம் பைஃபுளோரைடு போன்ற உப்பும் சேர வேண்டும். அப்போது பரப்பில் பொடிப் படிகங்கள் உருவாகி அங்கங்கே மறைத்துக்கொள்ள, மீதி இடம் மட்டும் அரிபடும். அதனால் தடவினால் பட்டுத்துணி மாதிரி இருக்கிறது. விரல் ரேகை படுகிறது, சோப்புத் தண்ணீரில் போய்விடுகிறது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த வெள்ளைப் புள்ளிகள் இதில் சட்டென்று கண்ணில் படுவதில்லை. வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் போதும். விலை அதிகம்தான், ஆனால் மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போது அளவையும் துளைகளையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, நொறுங்கிவிடும். கண்ணாடியை அரிக்கும் எட்சிங் க்ரீம் வாங்கி வீட்டிலேயே செய்யலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதிலுள்ள ஃபுளோரைடு தோல் வழியாக உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எரிச்சல் சில நேரம் தாமதமாகத்தான் தெரியும்.

சமையலறை ஜன்னலில் பிவிசி ஸ்டிக்கர். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒட்டி, காற்றுக் குமிழைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. அடுப்புப் பக்கத்து ஓரம்தான் முதலில் கிளம்பியது. அதில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்புக் கோடாகிவிட்டது. ஆனாலும் வாடகை வீட்டுக்கு இதுவே சரி. காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டினால் உரிந்து வரும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விட்டுத் துடைக்கலாம்.