திருநகர் வீட்டில் அறைக்கு அறை நெட் கேபிள்: நாலு வருஷ அனுபவம்

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் ரூட்டருக்கும் உள் படுக்கையறைக்கும் நடுவில் இரண்டு ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், அதை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. அப்பா அந்தக் காலத்தில் கட்டிய வீடு, சுவரில் ஆணி அடிப்பதே பெரிய பாடு. ரூட்டர் பக்கத்தில் நின்றால் 150 எம்பிபிஎஸ் முழுசாக வரும். உள் அறைக்குப் போனால் எட்டோ பத்தோதான். மாடியில் மகள் அறையில் பல நேரம் சிக்னலே இருக்காது. 2020 கொரோனா ஊரடங்கில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் ஆன்லைன் வகுப்பைக் கவனித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில் எல்லாரையும் போல, வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வகை எக்ஸ்டெண்டர், ரூட்டரிடம் வாங்குவதையும் போனுக்குக் கொடுப்பதையும் ஒரே சேனலில் மாறி மாறிச் செய்கிறது. அதிலேயே வேகம் பாதியாகிவிடும். நான் அதைச் செருகியிருந்த இடத்திலும் சிக்னல் ஏற்கெனவே நைந்து போயிருந்தது.

சரி, எந்த அறைக்கும் கேபிளையே கொண்டுபோவோம், வைஃபையை அந்தக் கேபிளின் முனையில் வைப்போம் என்று முடிவு செய்து, 2021 ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்தோம்.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். கேட் 6 என்று நெட் கேபிள் வகைக்கு ஒரே பெயர், விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். ஒரு கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். "தம்பி, இது அலுமினியம், மேல செம்புப் பூச்சு. இது முழுச் செம்பு. ரெண்டு பெட்டியையும் தூக்கிப் பாருங்க." தூக்கியதும் கைக்கே தெரிந்தது. பிறகு பிளேடால் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். ஒன்றில் உள்ளே வெள்ளை தெரிந்தது, இன்னொன்று சுரண்டச் சுரண்டச் செம்பு நிறம்தான். பூச்சுக் கம்பி மடக்கினால் சீக்கிரம் ஒடியும். கேபிள் முனையில் வைஃபை கொடுக்கும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்டுக்கு, அந்தக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுப்பதற்கும் அது லாயக்கில்லை. யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ரூட்டரில் காசை மிச்சம் பிடியுங்கள், கேபிளில் பிடிக்காதீர்கள். ரூட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சுவருக்குள் போனதை மாற்றுவது லேசில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிற கரண்ட் பைப்பிலேயே இதையும் சேர்த்து இழுத்துவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் இது போகவே கூடாது, எங்காவது இன்சுலேஷன் உரசிப் போனால் ஆபத்து. தனி பைப் போட்டோம். சுவரை உடைக்க மனசு வராத ஹாலில் மட்டும், சுவர் மேலேயே ஓடும் மூடியுள்ள கேசிங் பட்டி.

முனை அடிக்கும் வேலையை நானே செய்தேன். மேல் உறையை உரித்து, முறுக்கியிருக்கும் நாலு ஜோடியையும் பிரித்து, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று வரிசையாக விரலால் நீவி நேராக்கி, ஒரே மட்டமாக வெட்டி, ஆர்ஜே 45 கனெக்டருக்குள் (ரூட்டரில் செருகும் அந்தச் சின்ன பிளக்) தள்ள வேண்டும். எட்டு நுனியும் முன்பக்கம் போய் முட்டி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே கிரிம்பிங் டூலை அழுத்த வேண்டும்.

மாடிக் கேபிளில் மட்டும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. இரண்டு நாள் ரூட்டர் செட்டிங்கிலேயே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், பிரவுன் கம்பி முக்கால் வழியிலேயே நின்றிருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலு ஜோடியும் சேர வேண்டும். முனையை வெட்டிப் புதுசாக அடித்ததும் 150 வந்தது. உங்கள் வீட்டிலும் 100-க்கு மேல் பிளான் இருந்தும் வேகம் 90 சொச்சத்தில் முட்டி நின்றால் முதலில் முனையைப் பாருங்கள்.

மாடியில் பழைய ரூட்டரையே ஆக்சஸ் பாயிண்டாக மாற்றினேன். அதில் போன்களுக்கு ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து (அந்த வேலையைக் கீழ் ரூட்டரே பார்க்கும்), கீழ் ரூட்டரோடு மோதாதபடி அதன் ஐபி முகவரியை மாற்றி, கேபிளை வெளி நெட்டுக்கான வேன் போர்ட்டில் செருகாமல் வீட்டுக்குள் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் செருகினால் போதும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்கக் கீழே சேனல் 1, மாடியில் 11. போனோடு படி ஏறினால் அதுவே மாறிக்கொள்ளும், சில போன் மட்டும் கீழ் ரூட்டரையே கொஞ்ச நேரம் பிடித்துத் தொங்கும்.

கோடை ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. எல்லா அறைக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியை, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பரணில் வைத்திருந்தேன். அக்னி நட்சத்திரத்தில் மதியமானால் நெட் நின்றுவிடும். தொட்டால் கை சுட்டது. கீழே இறக்கி, காற்றோட்டமாகச் சுவரில் மாட்டியதிலிருந்து அந்தப் பிரச்சினை இல்லை.

பெரிய அடி 2023 ஐப்பசியில் விழுந்தது. பின்பக்கம் முருங்கை மரத்தைத் தாண்டித் தனியாக இருக்கும் அப்பா அறைக்கு வெட்டவெளியில் கேபிள் கட்டியிருந்தேன். ஒரு ராத்திரி இடி இடித்த இடியில் சுவிட்சும், அங்கே இருந்த ஆக்சஸ் பாயிண்டும் போய்விட்டன. இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி போனால் மின்னலுக்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. எங்கள் தெருவுக்கு ஃபைபர் லைன் பார்க்கும் தம்பியிடம் சொல்லி அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் இழுத்தேன். சில ஃபைபரில் தாங்குவதற்காக ஸ்டீல் கம்பி சேர்த்திருப்பார்கள், அது இல்லாததாகக் கேட்டு வாங்கினோம். இரு முனையிலும், ஃபைபர் ஒளியை நெட் கேபிள் சிக்னலாகவும் அதைத் திரும்ப ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். ஒற்றை ஃபைபர் என்றால் கன்வெர்ட்டர் ஒரு பக்கம் ஏ வகை, மறு பக்கம் பி வகை என்று ஜோடியாக இருக்க வேண்டும், இரண்டும் ஏ என்றால் வேலை செய்யாது. அதற்கப்புறம் எத்தனையோ இடி மழை வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் போனாலும் நெட் போகாதபடி ஹாலில் இருப்பதை எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கும்போது பதினைந்து போனாவது சேர்ந்துவிடும். அப்போதும் அப்பா தன் அறையில் அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் தடங்கல் இல்லாமல் பார்க்கிறார்.

எனக்கு இருக்கும் ஒரே குறை, ஹால் டிவி பக்கம் ஒரு கேபிள் போதும் என்று நினைத்தது. டிவி, செட்டாப் பாக்ஸ், மகளின் கேம் பெட்டி மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. நல்லவேளை, பட்டிக்குள் ஒரு நைலான் கயிறு விட்டு வைத்திருக்கிறேன். பெட்டியில் கேபிளும் மிச்சம் இருக்கிறது. பொங்கல் லீவில் அந்தக் கயிற்றில் கட்டி இன்னொன்றை இழுக்கப் போகிறேன்.