உடைந்த உலகம் கேட்டேன், உதிரும் ரெஜிபோம் வந்தது

எங்கள் கதையில் கடல் கொழும்புக்குள் ஏறி 120 வருடமாகிறது. காலி வீதி இப்போது ஒரு கால்வாய். வெள்ளவத்தை ஸ்டேஷனில் மீன்தலை அரக்கர்கள் குடியிருக்கிறார்கள். தாமரைக் கோபுரம் முறிந்து பேரே வாவிக்குள் கிடக்கிறது, அதன் மொட்டுக்குள் ஒரு சூனியக்காரி. ஒவ்வொரு போயா விடுமுறைக்கும் ஐந்து பேர் என் வீட்டு மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பொம்மைகளை நகர்த்தி விளையாடும் ரோல்பிளே விளையாட்டு இது. கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் நான்தான். இரண்டு வருடமாக பிஸ்கட் பெட்டியை நிமிர்த்தி வைத்து ‘இதுதான் இடிந்த கட்டடம்’ என்று சமாளித்தேன். கடைசிக் கட்டத்துக்காவது உருப்படியான டெரெய்ன், அதாவது மேசையில் வைக்கும் குட்டிக் கட்டடங்களும் நிலக்காட்சியும், வைப்போம் என்று ஆசைப்பட்டேன். 18,000 ரூபா போனது.

முகநூலில்தான் ஆளைப் பிடித்தேன். துருப்பிடித்த பாலம், பாசி படர்ந்த சுவர், பச்சை நிறத்தில் நச்சுக்குளம் என்று படங்கள் கண்ணைப் பறித்தன. கொழும்பிலேயே செய்து தருவாராம். வட்ஸ்அப்பில் கதைத்தால் வரிக்கு வரி ‘அண்ணா’. ஸ்டேஷன், பாலம், வாவி, கோபுர மொட்டின் ஒரு துண்டு என்று நான்கு கேட்டேன். முழுக் கோபுரமும் கேட்கவில்லை. உண்மையானது 350 மீற்றர், 28 மில்லிமீற்றர் பொம்மைகளுக்கு ஏற்றபடி சுருக்கினாலும் ஆறு மீற்றர் வரும். மொத்தம் 30,000, முற்பணம் 18,000. மூன்று வாரம் என்றவர் ஒன்பதாவது வாரத்தில் ஓட்டோவில் அனுப்பிவைத்தார்.

பெட்டியைத் திறந்ததும் தின்னர் வாசம். கல்யாண மணவறைக்கு வெட்டுகிற அதே மணிமணியான ரெஜிபோம் (தேர்மோகோல்). அதற்கு மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருக்கிறார். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும். முதலில் பைண்டர் கம் என்கிற வெள்ளைப் பசையும் எமல்ஷன் பெயிண்டும் கலந்து இரண்டு கோட் பூசிக் காயவிட வேண்டும், இது இந்தப் பொழுதுபோக்கின் அரிச்சுவடி. கோபுர மொட்டு சூத்தைப் பல் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. தொட்ட இடமெல்லாம் சவ்வரிசி மாதிரி உதிர்ந்தது.

ஸ்டேஷன் வாசலில் என் வீரன் பொம்மையை நிறுத்திப் பார்த்தேன், தலை உள்ளே போகவில்லை. 28 மில்லிமீற்றர் பொம்மை அடித்தட்டோடு 32 வரை நிற்கும், ஆகவே வாசல் குறைந்தது 40 வேண்டும். இது 25. பொம்மைகளை நகர்த்தத் தரையில் கீறிய கட்டங்களும் ஒரு அங்குலம் இல்லை, இரண்டு சென்ரிமீற்றர். பொம்மையின் அடித்தட்டே அதைவிடப் பெரியது.

வாவிதான் உச்சம். தண்ணீர் மாதிரித் தெளிவாக இறுகும் எபொக்சி ரெசின் ஊற்றித் தருவதாகக் காசு வாங்கியவர் பைண்டர் கம்மைத் தடிப்பாக ஊற்றியிருக்கிறார். மேலே தோல் கட்டியிருந்தது. விரலை வைத்தேன், பால்கோப்பையில் ஆடை கிழிவதுபோல் கிழிந்து உள்ளே வெள்ளைக் குழம்பு. கொழும்பு ஈரப்பதத்தில் அது எந்தக் காலத்தில் காய?

படமெடுத்து அனுப்பினேன். வந்த பதில்: ‘உலகம் அழிஞ்ச பிறகு இப்பிடித்தானே அண்ணா இருக்கும்?’

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அழிந்த உலகம் கேட்பவனிடம் எந்தக் கழிவையும் தள்ளிவிடலாம் என்ற நினைப்பு! நல்ல டெரெய்னில் இடிபாடு பார்க்கத்தான் இடிந்திருக்கும், கையில் எடுத்தால் கல்லாக நிற்கும். மிச்சக் காசு தரமாட்டேன் என்றதும் பிளொக் பண்ணிவிட்டார்.

அப்புறம்தான் அவருடைய பழைய படங்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். பாலத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெண்பனி. கொழும்பில் ஸ்னோ! காசு கட்டுவதற்கு முன்பு இதைப் பார்க்காத என் கண்ணைத்தான் நோக வேண்டும்.

ஆகவே யாராவது ஓடர் கொடுப்பதென்றால், செய்கிற துண்டை அவர் கையில் பிடித்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பொம்மை ஒன்றைக் கொடுத்து, அதை வாசலில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஸ்ப்ரேக்கு முன் என்ன பூசுவீர்கள் என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே ஆள் தெரிந்துவிடும். திரீடி பிரிண்ட் வாங்குபவர்கள் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். அதில் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகிவிடும். பில் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கம் இருக்கிறது. என்னிடம் இருந்ததோ வேறு யாரோ பெயரில் உள்ள கணக்குக்குக் காசு போட்ட ஸ்லிப் மட்டும்.

போன கிழமை நண்பன் ஒருவன் புதுப் பக்கம் ஒன்றை அனுப்பி, ‘மச்சான், இது நல்லா இருக்கே, கேட்டுப் பாப்பமா?’ என்றான். அதே பாலம், அதே துரு. ஜன்னலை மட்டும் வெட்டியிருக்கிறார்.