ஆபீஸில் ஈபிஏபிஎக்ஸ் மாட்டப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். இங்கே வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். அதனால் திங்கள் மதியத்துக்கு மேல் கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று எல்லாப் பக்கமிருந்தும் போன் வரும். ஈபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களை ஆபீஸ் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாக்ஸ்) மாட்டிய பிறகு, சரியாக அந்த நேரத்தில்தான் எங்கள் நாலு லேண்ட்லைனும் ஏழு வாரம் செத்துக் கிடந்தன.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. போன் செய்தால் வரவேற்புக் குரல் வர வேண்டும். ஆர்டருக்கு 1, கணக்குக்கு 2. ஆர்டர் பக்கம் மூன்று போனும் சேர்ந்து அடிக்க வேண்டும். 20 விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் குடோனில் இருக்கும் என் தம்பியின் மொபைலுக்குப் போக வேண்டும். 68,000 ரூபாய் பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு டெக்னீஷியன் மாட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது தன் மொபைலில் இருந்து ஒரே ஒரு கால் போட்டார். தம்பி மொபைல் அடித்தது. நானும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திங்கள் மாலை ஆறு மணிக்கு நாலு லைனும் பிஸி. ஆனால் ஆபீஸில் ஒருவர் கையிலும் ரிசீவர் இல்லை. பாக்ஸை அணைத்துப் போட்டால் சரியாகும். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. பொள்ளாச்சியில் இருந்து இருபது வருடமாகச் சரக்கு எடுக்கிற கடைக்காரர் மறுநாள் நேரில் வந்து, "ஏனுங்க, ரிசீவரைக் கழட்டி வெச்சுட்டீங்களா? எப்பப் போட்டாலும் என்கேஜ்டு"ன்னு கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாட்டியவரிடம் கேட்டால், "லைன்ல கோளாறு சார்." லைன்மேனை வரவழைத்தோம். அவர் பாக்ஸில் இருந்து லைனைக் கழற்றி, சாதாரண போன் ஒன்றை நேராக மாட்டி, ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தார். நாலும் சுத்தம். உடனே மாட்டியவர் பேச்சை மாற்றினார். பாக்ஸுக்குள் லைன்களைச் சேர்க்கும் கார்டு வீக்காம், புதுக் கார்டு 22,000 ரூபாயாம். கொடுத்தோம். அடுத்த திங்களும் அதேதான். அதற்கு மேல் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால்தான் வருவேன் என்றார். சரி, பாஸ்வேர்டையாவது கொடுங்கள், வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், "அது எங்க பாஸ்வேர்டு சார், தர மாட்டோம்." எங்கள் காசில் வாங்கிய பாக்ஸ் அது!

கடைசியில் சேலத்தில் இருந்து வந்த வேறொரு டெக்னீஷியன், பிஸியாகவே சிக்கிக் கிடந்த ஒரு லைனில் போனைச் சேர்த்து என் காதில் வைத்தார். எங்கேஜ்டு டோன் ஓடிக்கொண்டே இருந்தது. பேசியவர் வைத்துவிட்டுப் போய் எத்தனையோ நேரமாகியும் பாக்ஸ் லைனை விடவில்லை. இந்த மாதிரி சாதாரண லைனில், எதிரில் இருப்பவர் வைத்துவிட்டார் என்று பாக்ஸ் தெரிந்துகொள்வது பெரும்பாலும் அந்த டோனைக் கேட்டுத்தான். நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ்; முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். அமெரிக்காவில் 480-ம் 620-ம் சேர்ந்து ஒலிக்கும்; அரை விநாடி ஒலி, அரை விநாடி மௌனம். பாஸ்வேர்டு இல்லாததால் அவர் முழுவதையும் அழித்து ரீசெட் செய்தார். கம்பெனியில் இருந்து வந்தபடியே நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தது; அதனால்தான் நம் டோன் பாக்ஸுக்குப் புரியவில்லை. முதல் ஆள் அதைத் தொடவே இல்லை என்பதுதான் எங்கள் முடிவு. இந்தியா என்று மாற்றியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. 22,000 ரூபாய் கார்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. வெளியில் இருந்து வரும் காலை பாக்ஸ் மொபைலுக்கு அனுப்பினால், வந்தது ஒரு லைன், போவது இன்னொரு லைன். நாலு லைனில் இரண்டு பேர் பேசினாலே முடிந்தது. எங்கள் தொழிலுக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? இப்போது தம்பிக்குப் போகும் கால்களை ஒரு நேரத்தில் ஒன்று என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறோம்.

நீங்கள் மாட்டினால் பாதிப் பணத்தையாவது ஒரு வாரத்துக்குக் கையில் வையுங்கள். ஒரு கால் போதாது. எல்லா லைனுக்கும் ஒரே நேரத்தில் வெளியில் இருந்து போட்டு, மொபைலுக்குத் திருப்பி, முதலில் கூப்பிட்டவரை வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் எடுத்தவரை. இரண்டிலும் லைன் விடுபடுகிறதா என்று பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டும் செட்டிங் பேக்கப்பும் தர வேண்டும் என்பது கொட்டேஷனிலேயே எழுத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கால் தேவையில்லை என்றால் அன்றே பூட்டச் சொல்லுங்கள். வாய்ஸ்மெயில் பாஸ்வேர்டு 1234 என்று கிடந்தால் மாற்றுங்கள். திறந்து கிடக்கும் பாக்ஸ் வழியாக ராத்திரியில் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டு நம் தலையில் பில் கட்டுகிற கூட்டம் இருக்கிறது.

கார்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு 22,000-ஐக் கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். இன்றுவரை பதில் இல்லை.